நடக்கறதுக்கு ஒரு ஆட்டோ

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். "பாண்டி பஜார்ல கொஞ்சம் கைய வீசி நடந்துட்டு வரலாமாடா?" என்று அம்மா கேட்டாள். அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார், படி ஏறக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். வீடு மேற்கு மாம்பலத்தில். துரைசாமி சுரங்கப்பாதை வழியாகப் போய், உஸ்மான் சாலையைக் கடந்து, பனகல் பார்க்கைச் சுற்றிக்கொண்டு போனால் பாண்டி பஜார். மிஞ்சிப்போனால் ஒன்றரை கிலோமீட்டர். ஆட்டோ பிடித்தோம்.

"பர்ச்சேஸாம்மா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லப்பா, நடக்கப் போறோம்."

கண்ணாடியில் ஒரு தரம் எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு அதைச் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. நடப்பவர்களுக்காகவே கோடிக்கணக்கில் செலவு செய்து ஒரு தெருவைக் கட்டியிருக்கிறார்கள். அதில் நடக்க, பக்கத்துப் பேட்டையிலிருந்து ஒரு கிழவி வண்டி பிடித்து வர வேண்டியிருக்கிறது. இது யாருடைய தப்பு என்று தேடப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு. தி.நகரில் நாலே வருஷத்துக்குள் நடப்பவர்கள் பெயரைச் சொல்லி இரண்டு பெரிய வேலைகள் நடந்திருக்கின்றன. ஒன்று, 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம். இன்னொன்று, 2023 மே மாதம் திறந்த, மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை. இரண்டையும் புத்தக மதிப்புரை எழுதுகிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்தேன்.

முதலில் பாண்டி பஜார். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிஜமாகவே இருக்கிறது. சுமார் 40 கோடி ரூபாய்ச் செலவில், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின்கீழ், தியாகராய சாலையில் வண்டி ஓடும் பகுதியைக் குறுக்கி, மிச்ச இடத்தை நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். இந்த ஊரில் சாலையை அகலப்படுத்துவதுதான் வழக்கம், குறுக்கியது அபூர்வம். பழைய மரங்களை வெட்டாமல் விட்டார்கள். உட்காரப் பலகை போட்டார்கள். குழந்தைகள் ஓடி விளையாடுகின்றன, எதுவுமே வாங்காமல் ஜனங்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். காசு கொடுக்காமல் உட்கார பீச்சையும் பார்க்கையும் கோயிலையும் விட்டால் சென்னையில் வேறென்ன இடம் இருக்கிறது? அம்மா அன்றைக்கு முக்கால் மணி நேரம் நடந்தாள், நடுவில் மூன்று தரம் உட்கார்ந்து. ஒரு இடத்தில்கூட என் கையைப் பிடிக்கவில்லை. அதைப் பார்த்தபோது அந்த 40 கோடியில் எனக்கு வருத்தமே இல்லை.

வருத்தம் வளாகத்தின் இரண்டு முனைகளில்தான் ஆரம்பிக்கிறது. பனகல் பார்க் பக்கம் கிரானைட் தரை எங்கே முடிகிறதோ அங்கேயே உங்களுக்குத் தரப்பட்ட மரியாதையும் முடிகிறது. அந்தப் பக்கம் கடக்க வேண்டுமென்றால் பழையபடி கையை நீட்டிக்கொண்டு, வருகிற பைக்காரரின் கண்ணைப் பார்த்து, அவர் இரங்குவாரா என்று கணக்குப் போட்டுக் குறுக்கே இறங்க வேண்டியதுதான். உஸ்மான் சாலையில் மேம்பாலத்துக்குக் கீழே நடைபாதை என்பது கடையின் படிக்கட்டு, ஜெனரேட்டர், மின்பெட்டி, நிறுத்திவைத்த பைக் எல்லாம் போக மிஞ்சியது. இந்தியச் சாலை காங்கிரஸின் 2012-ஆம் வருஷத்து விதிமுறை, ஐ.ஆர்.சி. 103, நடைபாதையில் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், ஓரக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்கிறது. இரண்டு பேர் சக்கர நாற்காலியில் எதிரெதிரே வந்தால் கடந்து போகிற அளவு. பாண்டி பஜாரில் அதைவிடத் தாராளமாக இருக்கிறது. அங்கிருந்து வெளியே காலை வைத்தால், டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளக்கவே வெட்கமாக இருக்கும்.

ஆக, பாண்டி பஜார் நடக்கப் போகிற இடம். நடந்து போகிற வழி இல்லை. இரண்டுக்கும் தமிழில் சொற்கள் இடம் மாறுவது மட்டும்தான் வித்தியாசம், ஊரில் அது பெரிய வித்தியாசம். பார்க்கும் நடக்கப் போகிற இடம்தான், அதற்காக அதைப் போக்குவரத்துத் திட்டம் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு தெருவை அழகாகக் கட்டினோமா என்று கேட்டால் பாண்டி பஜாருக்கு நல்ல மதிப்பெண். அந்தத் தெருவுக்கு எத்தனை பேர் நடந்தே வந்து சேர முடியும் என்று கேட்டால், என் அம்மா ஆட்டோவுக்குக் கொடுத்த காசுதான் பதில்.

இப்போது ஆகாய நடைபாதை. நீளம் 570 மீட்டர். செலவு 28 கோடி ரூபாய்க்கு மேல். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கிய ஒருவர் ரங்கநாதன் தெரு நெரிசலில் நுழையாமல் பஸ் நிலையத்துக்குப் போய்விடலாம். லிஃப்ட்டும் நகரும் படிக்கட்டும் வைத்திருக்கிறார்கள். இதையும் ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். ரயிலிலிருந்து இறங்குபவர் எப்படியும் தண்டவாளத்தைத் தாண்ட ஏதோ ஒரு பாலத்தில் ஏறித்தான் ஆக வேண்டும். ஏற்கெனவே உயரத்தில் இருப்பவரை அதே உயரத்தில் தொடர்ந்து நடக்க விடுவது புத்திசாலித்தனம். சாயங்காலம் மூட்டை முடிச்சோடு செங்கல்பட்டு ரயிலைப் பிடிக்க ஓடும் ஜவுளிக்கடைப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், இதை இடி என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ரயிலில் வராதவர்? தரையில் இருப்பவர் மேலே ஏறி, நடந்து, திரும்ப இறங்குவதற்கு அங்கே என்ன காரணம்? கீழே சாலையைக் கடக்க முடியவில்லை என்பது ஒன்றுதான் காரணம். அப்படியென்றால் சரிசெய்ய வேண்டியது கீழே இருக்கிறது. மும்பையில் இதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 2008-ல் பாந்த்ராவில் ஆரம்பித்து அடுத்த சில வருஷங்களில் 30-க்கும் மேற்பட்ட ஆகாய நடைபாதைகளைக் கட்டினார்கள். ஸ்டேஷனோடு நேராக ஒட்டியிருந்தவற்றில் கூட்டம் நடந்தது. மற்றவை பலவற்றில் காற்று நடந்தது. மனுஷன் சோம்பேறி என்பதால் இல்லை. நடப்பவருக்கு எஞ்சின் அவருடைய முழங்கால்தான். வண்டியை மேம்பாலத்தில் ஏற்றினால் கூடச் செலவாவது நாலு சொட்டுப் பெட்ரோல். மனுஷரை ஏற்றினால்?

லிஃப்ட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. லிஃப்ட் என்பது ஒரு வாக்குறுதி, அதைத் தினமும் யாராவது காப்பாற்ற வேண்டும். கரண்ட் வேண்டும், ஆள் வேண்டும், பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும். தரையில் போட்ட வெள்ளைக் கோடுகளுக்கும் ஒரு சிக்னலுக்கும் இத்தனை வேண்டாம். பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நடைவேகம் வினாடிக்கு 1.2 மீட்டர். 24 மீட்டர் சாலையைக் கடக்க 20 வினாடி. அம்மாவின் வேகம் அதில் பாதி என்று வைத்துக்கொள்வோம், 40 வினாடி. நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு போட்டுவிட்டால் ஒரே மூச்சில் கடக்க வேண்டியதுகூட இல்லை. வண்டிகளை 40 வினாடி நிறுத்தி வைக்க மனசு வராமல்தான் 28 கோடிக்குப் பாலம் கட்டுகிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இந்தச் சந்தேகம் வந்த பிறகு தி.நகரின் கடந்த கொஞ்ச வருஷக் கதையையே வேறு மாதிரி படிக்க முடிந்தது. 2013-ல் நீதிமன்ற உத்தரவுகளை அடுத்து பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளை ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்துக்குள் அனுப்பினார்கள். வளையலும் ஹேர்ப்பின்னும் வாங்க யார் மாடி ஏறுவார்கள்? போகிற போக்கில் கண்ணில் பட்டு வாங்குகிற சாமான்கள் அவை. வழியில் இருப்பதுதான் அந்த வியாபாரத்தின் மூலதனம். பிறகு நடப்பவர்களுக்கு ஆகாய நடைபாதை. நடுவில், பாண்டி பஜாரை ஒட்டித் தணிகாசலம் சாலையில் வண்டிகளுக்கும் ஒரு பல அடுக்கு நிறுத்தம் கட்டினார்கள்.

ஆக, மூன்று பேரை மேலே ஏறச் சொல்லியிருக்கிறோம். வியாபாரியை, நடப்பவரை, நிற்கும் வண்டியை. முதல் இருவருக்கும் ஏறுவதைத் தவிர வழி குறைவு. மூன்றாமவர் மட்டும், அடுக்கு நிறுத்தம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதே, பக்கத்துத் தெருவில் காசில்லாமல் ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் போகலாம். யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. சில மாலைகளில் அந்த கிரானைட் தரை மேலேயே பைக்குகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தெருவோரம் இலவசமாகவும் அடுக்கில் கட்டணமாகவும் இருக்கும்வரை அடுக்கு ஏன் நிரம்பும்? இது ஒழுக்கப் பிரச்னை இல்லை, விலைப் பிரச்னை. நானும் அப்படி நிறுத்தியவன்தான், ஒப்புக்கொள்கிறேன்.

"எல்லாரும் வண்டி வெச்சிருக்காங்க சார், ஊரே அப்படி ஆயிடுச்சு, யார் நடக்கறா?" என்று ஒரு நண்பர் கேட்டார். இது நம் ஊரில் எல்லாரும் நம்புகிற, ஆனால் சரியில்லாத வாக்கியம். சென்னைக்காக 2008-ல் எடுத்த விரிவான போக்குவரத்து ஆய்வில், மொத்தப் பயணங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் முழுக்க நடந்தே முடிந்தவை. பஸ்ஸுக்கும் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. காரும் டாக்சியும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. அதற்குப் பிறகு டூவீலர் பெருகியிருக்கிறது, கார் பெருகியிருக்கிறது, உண்மைதான். ஆனாலும் அமெரிக்க நகரங்களைப் பற்றிச் சொல்கிற அர்த்தத்தில் சென்னை காரை நம்பியிருக்கும் ஊர் இல்லை. ஜனங்கள் நடக்கிறார்கள், பஸ்ஸில் போகிறார்கள். சாலைதான் காருக்காகப் போடப்பட்டிருக்கிறது. டெட்ராய்ட்டிலோ ஹூஸ்டனிலோ மக்களின் பழக்கத்தை மாற்ற வேண்டும். இங்கே பழக்கம் ஏற்கெனவே சரியாக இருக்கிறது, அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். அவர்களைவிட நமக்கு எவ்வளவு சுலபமான பரீட்சை!

வெயில் என்று ஒரு ஆட்சேபம் எப்போதும் வரும். ஏப்ரலில் யார் சார் நடப்பா என்று. நான்கில் ஒரு பங்குப் பேர் அந்த ஏப்ரலிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். வெயில், நடைபாதை வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது, மரம் வேண்டும் என்பதற்குத்தான் காரணம்.

பஸ்ஸையும் இதிலிருந்து பிரிக்க முடியாது. பஸ்ஸில் போகிற ஒவ்வொருவரும் இரண்டு முனையிலும் நடப்பவர். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அம்மாவுக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் அவளுக்கு டிக்கெட் எப்போதுமே பிரச்னையாக இருந்ததில்லை, ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்வதும் படியேறுவதும்தான். 2024-லிருந்து தாழ்தள பஸ்கள் மறுபடி வர ஆரம்பித்திருக்கின்றன. நல்ல விஷயம். தாழ்தள பஸ் எப்படி வேலை செய்யும் என்று யோசியுங்கள். பஸ் நடைபாதையை ஒட்டி வந்து நிற்க வேண்டும். நிறுத்தத்தில் நாலு பைக், ஒரு ஷேர் ஆட்டோ நின்றுவிட்டால் டிரைவர் நடுரோட்டில் நிறுத்துவார். அம்மா நடைபாதையிலிருந்து ரோட்டில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் ஏற வேண்டும். புதுப் பஸ்ஸுக்காகச் செய்த செலவை ஓரத்தில் நிற்கும் நாலு பைக் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும்.

கொள்கை இல்லாமல் இல்லை. 2014-லேயே சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. இந்திய நகரங்களில் இதைச் செய்ததில் நாம்தான் முன்னோடி. மாநகராட்சியின் போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நடப்பதற்கும் சைக்கிளுக்கும், 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை என்றெல்லாம் அதில் இலக்கு வைத்தார்கள். அதன்பேரில் பல பெரிய சாலைகளில் நடைபாதைகள் அகலமாயின, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கொள்கை அளந்தது நீளத்தை, இத்தனை கிலோமீட்டர் நடைபாதை என்று. நடப்பவர் சாவது நடைபாதையில் நடக்கும்போது இல்லை. அது முடிகிற இடத்தில், கடக்கிற இடத்தில். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. ஐந்தில் ஒருவர். எத்தனை கிலோமீட்டர் போட்டோம் என்பதோடு, ஒரு பள்ளிக்கூடத்திலிருந்தோ பஸ் நிறுத்தத்திலிருந்தோ கிளம்பினால் தடுக்காமல் எத்தனை வீடு வரை போக முடியும் என்றும் அளந்திருந்தால், பாண்டி பஜாருக்குக் கொட்டிய பணத்தில் ஒரு பங்கு துரைசாமி சுரங்கப்பாதைக்கு வந்திருக்கும்.

கட்டாமலே செய்த ஊர் ஒன்று இருக்கிறது, நெதர்லாந்தின் குரோனிங்கன். 1977 செப்டம்பரில், முப்பது வயதை அப்போதுதான் தாண்டியிருந்த மாக்ஸ் வான் டென் பெர்க் என்ற நகராட்சிப் பொறுப்பாளர் ஊரின் நடுப்பகுதியை நாலு துண்டாகப் பிரித்தார். ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குக் காரில் நேராகப் போக முடியாது. வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். நடப்பவரும் சைக்கிளும் பஸ்ஸும் நேராகப் போகலாம். ஒரே ராத்திரியில் போர்டுகளை மாற்றினார்கள். கடைக்காரர்கள் கொதித்தார்கள், வியாபாரம் படுத்துவிடும் என்று. திட்டம் நின்றது. இன்றைக்கு அந்த ஊருக்குள் நடக்கும் பயணங்களில் பாதிக்கு மேல் சைக்கிளில். 2017-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரம் இதே யோசனையை எடுத்துக்கொண்டது. அங்கே யாரும் மேலே ஏறவில்லை. கார்தான் சுற்றிக்கொண்டு போனது.

"அது ஹாலந்து, இது தி.நகர்." சரி. அந்த ஊர் சின்னது, தட்டை, குளிர். தி.நகரின் ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில் குரோனிங்கனையே வைத்துத் தொலைத்துவிடலாம். ஆனால் யோசனை அளவில் இது நமக்குப் புதுசு இல்லை. வருஷா வருஷம் தீபாவளிக்கு முந்தின நாட்களில் போலீஸ் தி.நகரில் இதைத்தானே செய்கிறது? தடுப்பு வைத்து, வண்டியைத் திருப்பிவிட்டு, தெருவை ஜனத்துக்குக் கொடுக்கிறது. அந்த நாட்களில் கடைகள் ஈயோட்டுகின்றனவா? வருஷத்திலேயே பெரிய வியாபாரம் அப்போதுதான். தீபாவளிக்குச் செய்வதில் பாதியை, உஸ்மான் சாலையின் ஒரு பகுதியில் சனி ஞாயிறு சாயங்காலங்களில் பஸ்ஸை மட்டும் விட்டுச் செய்து பார்க்கலாம். துரைசாமி சாலையிலிருந்து பாண்டி பஜார் வரை தரையிலேயே மூன்று கடவுகள், தெருவோர நிறுத்தத்துக்கு அடுக்கு நிறுத்தத்தைவிட அதிகக் கட்டணம், அதை வசூலிக்க ஆள். இதற்கெல்லாம் திறப்பு விழா வைக்க முடியாது, ரிப்பன் கட்ட இடமே இல்லை. அதுதான் இதன் உண்மையான குறை என்று நினைக்கிறேன்.

பனகல் பார்க்கில் மெட்ரோவின் பூந்தமல்லி வழித்தடத்துக்குச் சுரங்க நிலையம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். முடிந்ததும் சாலையைத் தோண்டிய இடத்தில் எல்லாம் மறுபடி மூடித் தார் போட வேண்டும். அப்போது அந்த ஐந்தாறு சாலைகள் சேரும் இடத்தைப் புதிதாக வரையலாம். இந்த மாதிரி வாய்ப்பு ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை வரும். நிலையத்தின் ஒவ்வொரு வாசலிலிருந்தும் தரையிலேயே எங்கெல்லாம் கடக்க முடிகிறது, எத்தனை வினாடி பச்சை விளக்கு என்று திறந்த வாரமே போய் எண்ணிக்கொண்டு வந்து இங்கே எழுதுகிறேன். அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறாள். ஸ்டாப்வாட்ச் என்னுடையது, வேகம் அவளுடையது.